மடிக்கடலை

குழந்தைக்கு என்ன வயது என்று கேட்கக் கூடாது. கேட்டால் எனக்கு அது தெரியாது என்பது இவருக்குத் தெரிந்துவிடும். பெண் குழந்தை, பெயர் சின்னப்பிள்ளை. அவ்வளவு தெரியும். போன வருஷம் கொட்டகையில் தன் அம்மா பஞ்சவர்ணத்தின் மடியில் உட்கார்ந்து நிலக்கடலைப் பருப்பு தின்றுகொண்டிருந்தது. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

ஜெகதாம்பாள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி அமிர்தலிங்கம் ஆபீஸ் அறையின் வாசற்படிக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டே போனார்.

"மஞ்சக்காமாலைங்கறாங்க. நேத்து பொழுது சாயறப்ப போயிடுச்சு. காலையிலயே எடுத்தாச்சு. அதான் பஞ்சவர்ணம் வரலைங்க. பதிலுக்கு ஒரு பொம்பளையக் கூட்டியாந்துட்டேன். வேலை ஒண்ணும் நிக்காதுங்கம்மா."

"சரி" என்றாள் ஜெகதாம்பாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்த விதம் அவளுக்கே பிடிக்கவில்லை. மூட்டை வந்துவிட்டது என்று சொன்னாலும் இதே மாதிரிதான் சரி என்றிருப்பாள்.

அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தது அவர்களுடைய நிலக்கடலை மில். அவள் புருஷன் பிச்சைமுத்து ஆயில் என்ஜின் வாங்கிப் போட்டு ஆரம்பித்தது. என்ஜினுக்கான கடனை விருத்தாசலத்து வியாபாரி ஒருவரிடம் வாங்கியிருந்தார். கடன் அடைவதற்குள் ஆள் போய்விட்டார். அவருடைய தம்பி வேணுகோபால் வெளி வேலைகளைப் பார்த்துக்கொண்டான். மில் அவள் பெயரில் இருந்தது. வருகிற புதன்கிழமை ஒரு வேகன் பருப்பு ரயில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் என்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று வியாபாரி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

செந்துறை, ஆண்டிமடம் பக்கமிருந்து வண்டி வண்டியாகக் கடலை வந்து இறங்கும். பகலெல்லாம் மெஷின் அதை உடைக்கும். பெண்கள் முறத்தில் புடைத்துப் பொறுக்கிப் பிரிப்பார்கள். முழுப்பருப்பு வேகனுக்கு. உடைசல் உள்ளூர்ச் செக்குக்கு. கறுத்துப்போன சொத்தை, கொல்லைப்புறத்தில் குவியலாகக் கிடக்கும். சோப்புக்கு எண்ணெய் எடுப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை வந்து அள்ளிப் போவார்கள்.

ஐந்து மணிக்கு என்ஜின் நின்றுவிடும். ஆனால் உடைத்துக் கொட்டியது முழுவதும் பொறுக்கி முடிந்திருக்காது. பெண்கள் இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. மடிக்கடலைதான். புடவை முன்றானையை இடுப்பில் செருகிப் பை மாதிரி விரித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்து நிற்பாள். அதில் உடைசல் பருப்பை அள்ளிப் போட வேண்டும். அந்தப் பக்கத்து மில்களில் எல்லாம் அதுதான் வழக்கம்.

அள்ளிப் போடுவது ஜெகதாம்பாளின் வேலை. வேறு யாரிடமும் அதை அவள் விட்டதில்லை. புருஷன் போன பிறகு ஊரில் எந்த வீட்டு வளைகாப்புக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. யாருக்கும் அவள் கையால் வெற்றிலை பாக்கு கொடுக்க முடியாது. யாருடைய மடியையும் நிரப்ப முடியாது. ஆனால் சாயங்காலமானதும் இத்தனை பெண்கள் தன் எதிரே மடியை விரித்து நின்றார்கள். இவர்கள் யாரும் அவளுடைய வெள்ளைப் புடவையைப் பார்த்து ஒதுங்கவில்லை. பஞ்சவர்ணம் மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "இன்னும் ஒரு கை போடுங்கம்மா, வூட்ல ஒரு ராட்சசி இருக்கா." ஜெகதாம்பாள் போடுவாள். அந்த ஒரு கையில் தனக்குக் கிடைத்த நிறைவு என்ன என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசியில் திருச்சியிலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். வயசான மனிதர், நிதானமாகப் பேசினார். இந்த வருஷத்திலிருந்து புதுச் சட்டம் என்றார். குழந்தைகளைக் கொட்டகைக்குள் விடக் கூடாது. ஏழு மணிக்கு மேல் பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது.

"மடிக்கடலை எல்லாம் கூலி இல்லைம்மா. நீங்க தர்மம்னு நெனைக்கிறீங்க. அவங்க வேலை பார்த்திருக்காங்க. கூடுதல் நேரத்துக்கு ரெட்டைக் கூலி, காசாக் குடுக்கணும். அவங்கவங்க கையில குடுக்கணும்."

மற்ற மில்காரர்கள் முனகினார்கள். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்கள். ஜெகதாம்பாள் மறுநாளே மாற்றினாள். வேணுகோபால் சண்டை போட்டான்.

"ஊரே சும்மா இருக்குறப்ப நமக்கு என்ன அண்ணி அவசரம்? வட்டி கட்டவே முழி பிதுங்குது."

"சட்டம்னா சட்டந்தான் தம்பி."

அதைச் சொன்னபோது உடம்பில் ஒரு நிமிர்வு வந்தது. ஒரு பொம்பளை மில் நடத்துகிறாள், அதுவும் சரியாக நடத்துகிறாள் என்று நாலு பேர் பேசுவார்கள். பேசவும் செய்தார்கள். இன்ஸ்பெக்டர் அடுத்த முறை வந்தபோது மற்ற மில்காரர்கள் முன்னால் அவளைத்தான் உதாரணமாகச் சொன்னார். அன்று அவள் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டாள்.

காசாகக் கொடுக்க ஆரம்பித்த இரண்டாவது வாரம் பஞ்சவர்ணம் வந்து வாசற்படிக்குக் கீழே நின்றாள்.

"அம்மா, எங்களுக்குக் காசு வேணாங்க. பழையபடி மடிக்கடலையே போடுங்க."

"ஏன்டி? இது அதைவிட ஜாஸ்திடி. ரெட்டைக் கூலி."

"ஜாஸ்திதாங்க." அவள் காலால் தரையைக் கீறினாள். "இருந்தாலும் மடிக்கடலைன்னா நேரா அடுப்புக்குப் போயிடும் பாருங்க."

"அது சட்டத்துக்கு ஒத்துவராது பஞ்சவர்ணம். எனக்கு ஃபைன் போட்டுடுவான்."

உள்ளேயிருந்து வேணுகோபால் குரல் கொடுத்தான். "ரெட்டைக் கூலி குடுத்தா வேணாங்கற கூட்டத்தை இப்பத்தான் பாக்குறேன். அண்ணி, இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க, அழுதுடுவாங்க!"

பஞ்சவர்ணமும் சிரித்துவிட்டுத்தான் போனாள். ஜெகதாம்பாளுக்கு அன்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. நல்லது செய்தால் இவர்களுக்குப் புரிவதில்லை என்று நினைத்தாள்.

பிறகு பருப்பு திருட்டுப் போக ஆரம்பித்தது. ஒரு பிடி, இரண்டு பிடி. வேணுகோபால் வாசலில் உண்ணாமலை என்ற கிழவியை உட்காரவைத்தான். வெளியே போகும் பெண்களின் இடுப்பையும் முன்றானையையும் அவள் தடவிப் பார்த்து அனுப்புவாள். ஒருநாள் பஞ்சவர்ணம் மாட்டிக்கொண்டாள். வேணுகோபால் எல்லார் முன்னிலையிலும் கேட்டான்: "ரெட்டைக் கூலியும் வேணும், திருட்டுப் பருப்பும் வேணுமா?" ஜெகதாம்பாள் ஆபீஸ் அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று நினைத்தாள். பஞ்சவர்ணம் கேட்டதும் தான் கொடுக்காததும் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தன. நினைவுக்கு வந்ததை அவள் நீட்டிக்கொண்டு போகவில்லை.

மேஸ்திரி குழந்தையின் சாவைச் சொல்லிப் போன அன்று மதியம் வண்டி கட்டச் சொன்னாள். எங்கே என்று கேட்ட வேணுகோபாலிடம் பஞ்சவர்ணம் வீட்டுக்கு என்றாள்.

"அந்தத் தெருவுக்கா? நம்ம வூட்டுப் பொம்பளைங்க யாரும் அங்க போனதில்லை அண்ணி. ஆள்கிட்ட அஞ்சு ரூபா குடுத்தனுப்புங்க, போதும்."

அவள் ஏறிக்கொண்டாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்ற பழக்கத்தில், ஒரு பையில் நல்ல பருப்பாக நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வண்டி செந்துறைச் சாலையில் திரும்பிய பிறகுதான் அந்தப் பை என்ன பை என்று அவளுக்கு உறைத்தது. குழந்தை செத்த வீட்டுக்குக் கடலைப் பருப்பு. காலால் அதை வண்டியின் உள்மூலைக்குத் தள்ளினாள்.

குடிசை வாசலில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். பஞ்சவர்ணம் எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளும் மடியில் கிடக்க உட்கார்ந்திருந்தாள். "வாங்கம்மா" என்றாள். சாதாரணக் குரல்தான். மில்லுக்குள் நுழையும்போது சொல்கிற அதே குரல். அவள் புருஷன் அழகேசன் தள்ளி, உரலின் மேல் உட்கார்ந்திருந்தான்.

எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று ஜெகதாம்பாளுக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு பலகையை எடுத்துப் போட்டார்கள். உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு முறம் இருந்தது. அதில் கறுத்துச் சுருங்கிய பருப்பு கொஞ்சம் மீந்திருந்தது. பூசணம் பூத்த பச்சை அங்கங்கே தெரிந்தது. ஜெகதாம்பாளுடைய மில்லின் கொல்லைப்புறக் குவியலில் கிடப்பது.

அவள் பார்ப்பதை, மில்லில் பஞ்சவர்ணத்தோடு வேலை செய்யும் ரெங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

"சொத்தை மல்லாட்டைங்க. அதைத்தான் ரெண்டு மாசமா புள்ளைக்குக் குடுத்தா. கசக்குது கசக்குதுன்னு துப்பும். இவ விட மாட்டா. வாயில திணிச்சு மூக்கைப் புடிப்பா."

"வறுத்துத்தான் இடிச்சேன்" என்றாள் பஞ்சவர்ணம். "வறுத்தா கெட்டது போயிடும்னு நெனச்சேன். நல்லாத்தான் வறுத்தேன், கருகக் கருக."

"அதை ஏன்டி எடுத்தே?" ஜெகதாம்பாளின் குரல் உயர்ந்துவிட்டது. "சோப்புக்குப் போறதுடி அது."

"அது ஒண்ணைத்தாங்க வாசல்ல தடவிப் பாத்தாலும் விடுவாங்க. குப்பைதானேன்னு உண்ணாமலைக் கிழவி ஒண்ணும் சொல்லாது."

ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஜெகதாம்பாள் தன் புடவையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று உள்ளே ஏதோ சொன்னது. கேட்டாள்.

"ரெட்டைக் கூலி குடுத்தேனே பஞ்சவர்ணம். அதுல ஏதாவது வாங்கிக் குடுத்திருக்கலாமே."

பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே யோசிப்பது போல இருந்தது.

"குடுத்தீங்கன்னு மேஸ்திரி சொன்னாருங்க. கடன்ல கழிச்சுக்கிட்டேன்னாரு. நான் கண்ணால பாத்ததில்லை."

அழகேசன் உரலிலிருந்தே பேசினான். "கூலியில பாதி என் கையில குடுப்பாருங்க. ரேஷன் அரிசிக்கே பத்தாது அது. மிச்சம் அவரு எடுத்துக்குவாரு. மாடு வாங்க அவருகிட்ட முன்பணம் வாங்கினேன். மாடு செத்து வருஷம் ஆவுது. கடன் மட்டும் கன்னு போட்டுக்கிட்டே இருக்கு." சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"என்ன வயசு?" என்றாள் ஜெகதாம்பாள், கடைசியில்.

"வர்ற மாசிக்கு மூணு."

திரும்பும்போது வண்டிக்காரன் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். சாலையின் இரண்டு பக்கமும் மழை பொய்த்த புன்செய் காய்ந்து கிடந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் மூலையில் இருந்த பை உருண்டு அவள் காலில் வந்து முட்டியது.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி மேசையில் துண்டை விரிப்பார். அத்தனை பேருடைய கூலியையும் வேணுகோபால் அதில் எண்ணி வைப்பான். அவர் முடிந்துகொண்டு போவார். ஆள் கொண்டுவருவது அவர், அதனால் கூலியும் அவர் கையில். பிச்சைமுத்து இருந்தபோதும் அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் என் கண் எதிரேதான் நடந்தது. அந்தத் துண்டுக்குப் போகாத ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர்களுடைய மடிக்குப் போயிற்று. அதை நான் காசாக மாற்றித் துண்டில் போட்டேன். இரட்டிப்பாகப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் அவங்கவங்க கையில என்றுதானே சொன்னார்? அது காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. இரட்டிப்புக் கொடுக்கப் பணம் போதும். கையில் கொடுக்க மேஸ்திரியோடு மோத வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு மற்றதை நான் விட்டுவிட்டேன். எல்லாரும் புகழ்ந்தபோது, செய்த பாதியை முழுசாக எண்ணிக்கொண்டேன்.

மடிக்கடலையை மறுபடி ஆரம்பிக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. திங்கட்கிழமையே அள்ளிப் போடலாம். அவர்கள் வந்து மடியை விரிப்பார்கள். இன்னும் ஒரு கை போடுங்கம்மா என்பார்கள். அந்தக் காட்சி மனசில் வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவர்களுடைய பசி எனக்கு ஒரு சாயங்காலச் சடங்காக இருந்திருக்கிறது. அதையா திரும்பக் கேட்கிறேன்?

மில்லுக்கு வந்ததும் பையை எடுத்துக்கொண்டுபோய் முழுப்பருப்புக் குவியலில் கொட்டினாள். எந்தப் பருப்பு எதில் விழுந்தது என்று உடனே தெரியாமல் போயிற்று.

என்ஜின் நின்று, மிச்ச வேலையும் முடிந்தது. பெண்கள் வாசலில் வரிசையாக உண்ணாமலைக்கு முன்னால் நின்றார்கள். அமிர்தலிங்கம் ஆபீஸ் அறைக்குள் வந்து தோளில் இருந்த துண்டை உதறி மேசையின் மேல் விரித்தார். வேணுகோபால் பணப்பெட்டியைத் திறக்கப் போனான். சாவி ஜெகதாம்பாளிடம் இருந்தது.

"பஞ்சவர்ணத்துதையும் சேத்துடுங்கம்மா" என்றார் மேஸ்திரி. "இந்த வாரம் நேத்து வரைக்கும் கூடுதல் நேரம் நின்னுருக்கா. ரெட்டிப்பு வரும். பாவம், செலவு இருக்கும் பாருங்க."

"நேத்துகூட நின்னாளா?"

"நின்னாங்க. ஏழு வரைக்கும்."

பொழுது சாயும்போது குழந்தை போயிற்று என்று காலையில் இவர்தான் சொன்னார். அந்த நேரத்தில் அதன் அம்மா இங்கே உட்கார்ந்து வேகனுக்குப் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் வந்து சொல்லவில்லையா? சொல்லியும் இவர் விடவில்லையா? கேட்டு என்ன பதில் வந்தாலும் அது தன் கொட்டகையில் நடந்தது.

"அவ பணம் அவ வந்து வாங்கிக்கட்டும்" என்றாள்.

அமிர்தலிங்கத்துக்குப் புரியவில்லை. "எப்படிங்க வருவா? துக்கத்துல இருக்கா."

"எப்ப வர்றாளோ அப்ப வாங்கிக்கட்டும். இருக்கும்."

"சரிங்க. மத்தவங்களுது குடுங்க."

"அவங்களையும் வரச் சொல்லுங்க மேஸ்திரி. ஒவ்வொருத்தரா. வாசல்லதான் நிக்கிறாங்க."

அவர் சிரித்தார். வேணுகோபாலைப் பார்த்தார். "என்ன தம்பி, அம்மா வெளாடுறாங்களா? முன்பணம் என் காசு. அவளுங்க புருஷன்மாருக்கு நான் குடுத்துருக்கேன். நீங்க கையில குடுத்தா அவளுங்க எனக்குத் தருவாளுங்களா?"

"அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ளது."

"அம்மா." அவருடைய குரல் இப்போது மரியாதையாகவே தாழ்ந்தது. "நான் சொன்னா இந்த வாசல்ல ஒரு பொம்பளை கால் வைக்க மாட்டா. புதன்கிழமை வேகன் நிக்குது. பத்து வருஷமா நான் கேட்டு இந்த மில்லுல இல்லைன்னு சொன்னதில்லை. அய்யா இருந்த காலத்துலேருந்து. கடைசியாக் கேக்குறேன், துண்டுல வைங்க."

"அண்ணி" என்றான் வேணுகோபால். அவன் முகம் வெளுத்திருந்தது. "இந்த ஒரு வாரம் வச்சிடுங்க. வேகன் போகட்டும். அப்புறம் நிதானமாப் பேசிக்கலாம். என்ஜினைக் கழட்டிட்டானா நமக்கு என்ன இருக்கு?"

அவன் சொன்னது பொய் இல்லை. திங்கட்கிழமை கொட்டகை காலியாகக் கிடக்கும். புதன்கிழமை வேகன் காலியாகப் போகும். அதற்கடுத்த வாரம் என்ஜின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். இந்தப் பெண்களுக்கு அரைக் கூலிகூட இல்லாமல் போகும். இன்று கையில் வாங்கிப் போகிறவர்களிடமிருந்து இரவே புருஷன்மார் பிடுங்கிக்கொள்ளவும் கூடும், அடித்துக்கூட. இதனால் யாருக்கும் ஒரு நல்லதும் நடக்காமல் போகலாம். சின்னப்பிள்ளைக்கு மாசியில் மூன்று வயது ஆகப்போவதில்லை. எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், துண்டின் பக்கம் கையை நீட்ட வரவில்லை.

வாசலில் வரிசை அசையாமல் நின்றது. உண்ணாமலைகூடத் தடவுவதை விட்டுவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாள் முன்னால் நின்றாள். அவளுடைய முன்றானை, எதையும் வாங்கப் பழக்கமில்லாதது போல, தோளிலேயே கிடந்தது.

மேசையின் மேல் துண்டு விரிந்து கிடந்தது. துவைத்து, மடிப்புக் கலையாத, நல்ல வெள்ளைத் துண்டு. ஜெகதாம்பாள் அதன் இரண்டு ஓரங்களையும் பிடித்து நாலாக மடித்தாள். மேஸ்திரியின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இல்லீங்க மேஸ்திரி" என்றாள்.